அக்கா மேலேயா?

காதுக்காரருக்கு இன்னொருவன் நல்ல சட்டை போட்டால்கூடப் பொறுக்காது. அவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார், ஆனால் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் முதல் பெஞ்சுக்குப் போய்விட்டான் என்று சாப்பாடு இறங்காமல் கிடந்த பிள்ளை அவர். கல்யாணப் படத்தில் தன்னைவிடத் தன் நண்பன் லட்சணமாக விழுந்திருக்கிறான் என்பதால் அந்த ஆல்பத்தை இன்றைக்கும் அலமாரியின் அடியில்தான் வைத்திருக்கிறார். ஐம்பதைத் தொடப்போகிறார், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வயசே ஏறவில்லை.

மற்றபடி தங்கமான மனுஷர், கெட்டிக்கார மெக்கானிக். வண்டி தெருமுனை திரும்பும்போதே பின்சக்கரத்தில் பேரிங் போய்விட்டது என்று சொல்லிவிடுவார். கழற்றிப் பார்த்தால் போயிருக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

பட்டறை மாமனாருடையது. முன்னால் பட்டறை, அதன் முதுகில் ஒட்டினாற்போல் வீடு. மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைக் கட்டிய காதுக்காரர், மனைவியோடும் மாமனாரோடும் கீழ்வீட்டில் இருந்தார். இளையவளைக் கட்டிய சகலை, தான் வேலை பார்த்த ஷோரூமை இழுத்து மூடிவிட்டதால் குடும்பத்தோடு வந்து மாடியில் ஏறிக்கொண்டான். மாடியில் காற்று வரும். பால்கனி வேறு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும். சத்தத்தை வைத்தே அது புது நாற்காலி என்று கண்டுபிடித்துவிடுவார் காதுக்காரர். அதற்கப்புறம் தூக்கம் எங்கே வரும்?

சகலை மேல் ஒரு சொட்டு கிரீஸ் ஒட்டாது. கை துடைக்கிற அழுக்குத் துணியைக்கூட நாலாக மடித்து வைப்பான். வந்த கொஞ்ச நாளிலேயே வாடிக்கையாளர்கள், "அந்த நீலச்சட்டைக்காரர் இருக்காரா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தடவையும் காதுக்காரருக்கு வயிற்றில் ஒரு பிடி நெருப்பு விழும். அண்ணே, அண்ணே என்று அவன் மரியாதையாகக் கூப்பிடுவது அதைவிட மோசம். மரியாதை தெரியாதவனாக இருந்தால் திட்டவாவது செய்யலாம்.

இப்படி உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்த மனுஷர் தலையில் ஒருநாள் மாமனார் இன்னொரு விறகைப் போட்டார். மாமாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. எஞ்சின் ஓடுவதையே வண்டிமேல் உள்ளங்கையை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறார். இனிமேல் தான் வீட்டோடு இருக்கப் போவதாகவும், பட்டறைச் சாவியை ஒரு ஆள் கையில் கொடுத்துவிடுவதாகவும் சாப்பிடும்போது சொன்னார். சாவி யாரிடமோ அவர்தான் ஷட்டரைத் தூக்குவார், எந்த வண்டி எந்தக் கைக்குப் போவது என்று தீர்மானிப்பார். எந்த ஆள் என்று மாமா சொல்லவில்லை. சொல்லாமல் ரசத்தை உறிஞ்சினார்.

அந்த வாரம்தான் பல் டாக்டரம்மா தன் காரைக் கொண்டுவந்தார். ரோட்டரி எஞ்சின் கார். நம் சாதாரண வண்டிகளைப்போல அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடாது. முக்கோண வடிவத்தில் ரோட்டர் என்கிற ஓர் இரும்பு கூட்டுக்குள் சுழலும். அப்படி இரண்டு கூடு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிளக். அந்தக் காலத்தில் மாமா பெயர் வாங்கியதே இந்த வகை எஞ்சினில்தான். ஓடும்போது வெண்ணெய்போல இருக்கும் வண்டி, சிக்னலில் நின்றால் உலுக்கி எடுக்கிறதாம். "ஆடுற பல்லைப் பிடுங்குறது என் வேலை. இது எனக்கே பல்லை ஆட்டி விட்டுடும் போல இருக்கு" என்றார் டாக்டரம்மா.

மாமா வண்டிமேல் கையை வைத்துப் பார்த்தார். அப்புறம், சின்ன மாப்பிள்ளை பார்க்கட்டும் என்றார்.

காதுக்காரர் கையிலிருந்த ஸ்பேனரை எதற்கோ ஓங்கி மேஜைமேல் வைத்தார். முன்னால் மேஜையில் பில் எழுதிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அவள் இந்தப் பட்டறைச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவள். ஸ்பேனர் விழும் சத்தத்திலேயே புருஷன் மனசு தெரியும்.

சகலை பானட்டைத் திறந்தான். எஞ்சினை ஓடவிட்டு, கார்புரேட்டரைச் சுற்றியிருந்த ரப்பர் குழாய்கள்மேல் ஒவ்வொன்றாகக் கிளீனரைத் துளித்துளியாக அடித்துக்கொண்டே வந்தான். ஒரு குழாயில் அடித்ததும் எஞ்சின் சத்தம் சட்டென்று மாறியது. வெடிப்பு அங்கேதான், காற்று உள்ளே போய், வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடுகிற ஐடிலிங்கைக் கெடுக்கிறது. டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டான். பக்கத்தில் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்த காதுக்காரர், அந்தக் குழாய் எதிரிலேயே தெரிகிற குழாய்தானே, குருடனும் கண்டுபிடிப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது எதிரில் தெரிகிற குழாய் இல்லை.

குழாயை மாற்றிய சகலை, பிளக்குகளும் பழசாக இருக்கின்றனவே என்று அவற்றையும் கழற்றினான். பாதியில் சாப்பிடக் கூப்பிட்டார்கள், போய்விட்டான்.

இங்கே ஒரு சேதி சொல்ல வேண்டும். ஒவ்வொரு கூட்டிலும் உள்ள இரண்டு பிளக்கில் ஒன்று முதலில் பொறி விடும், மற்றது கொஞ்சம் பிந்தி விடும். பெண்கள் இரண்டும் சின்னதாக இருந்த காலத்தில் மாமா அந்த ஒயர்களுக்கு அக்கா, தங்கச்சி என்று பேர் வைத்தார். முதலில் பொறி விடுவதற்குப் போகிற ஒயர் அக்கா, அதற்குச் சிவப்பு டேப். மற்றது தங்கச்சி. வேறு எந்தப் பட்டறையில் போய்ச் சொன்னாலும் சிரிப்பார்கள். இங்கே எல்லாருக்கும் அதுதான் பேர். இதில் வேடிக்கை என்னவென்றால், அக்காவின் இடம் கீழே, தங்கச்சியின் இடம் மேலே. மாடி சகலைக்குப் போனதிலிருந்து காதுக்காரருக்கு அந்த எஞ்சினைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

சாப்பிட்டு வந்த சகலை சிவப்பு டேப் ஒயர்களைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். ஷோரூமில் இந்த எஞ்சினை அவன் தொட்டதில்லை. பானட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தான்.

"அண்ணே, அக்கா மேலயா?"

காதுக்காரர் மனைவியை அவனும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவள் அப்போதுதான் தங்கையைப் பார்க்க மாடிக்குப் போயிருந்தாள். புருஷனை விட்டுவிட்டு அந்தக் காற்றுக்கு ஏறிப்போய்விட்டாளே என்று அதற்கும் சேர்த்துக் கடுகடுவென்று இருந்தவர், வேனுக்கு அடியிலிருந்தபடியே சொன்னார்.

"ஆமா, மேலதான்."

அவ்வளவுதான். அக்கா இரண்டும் மேலே ஏறின, தங்கச்சி இரண்டும் கீழே இறங்கின.

எஞ்சினைக் கிளப்பியதும் முன்னைவிட மோசமாக உலுக்கியது. வேனுக்கு அடியில் காதுக்காரரின் கை அப்படியே நின்றது. அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. இது குழாய் சத்தம் இல்லை, பொறி முன்னுக்குப் பின் விழுகிற சத்தம். அடுத்த மூச்சில் அவன் கேட்டது என்ன, தான் சொன்னது என்ன என்பதும் விளங்கியது. சிரிப்பு வந்தது. எழுந்து போய், அடேய், நான் என் பெண்டாட்டியைச் சொன்னேன் என்று சொல்லியிருந்தால் பட்டறையே சிரித்திருக்கும், காரும் அன்றைக்கே போயிருக்கும்.

எழுந்து போகத்தான் இருந்தார். அதற்குள் சகலை துணியை நாலாக மடித்தான். அந்த மடிப்பைப் பார்த்ததும் காதுக்காரர் மறுபடி படுத்துக்கொண்டார்.

முதல் நாள் அது வெல்லமாக இனித்தது. சகலை ஐடிலிங் திருகைத் திருகுவதும், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவுவதும், காயிலை மாற்றுவதும், நெற்றியில் முதன்முதலாக ஒரு கோடு கிரீஸ் ஒட்டியதும் அவருக்குக் கண்கொள்ளாக் காட்சி. அன்றைக்கு இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார். மறுநாளும் பேசவில்லை. இப்போது அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. இவன் நன்றாக மாட்டிக்கொள்ளட்டும், டாக்டரம்மாவும் மாமாவும் நிற்கும்போது நாலு ஒயரை மாற்றிப் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் கை துடைத்துக்கொள்ள வேண்டும். சாவி தானாக வரும்.

கடைசியில் சகலை கம்ப்ரஷன் பார்த்தான். பிளக்கைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடித்தால் ரோட்டரின் மூன்று பக்கமும் புஸ், புஸ், புஸ் என்று மூச்சு விடும். மூன்றும் ஒரே அளவில் வந்தால் எஞ்சின் ஆரோக்கியம், ஒன்று இளைத்தால் உள்ளே சீல் போய்விட்டது. மாமா அந்த நாளில் காதாலேயே பார்ப்பார். அன்றைக்கு மூன்றும் கும்மென்று வந்தன. வேனுக்கு அடியில் இருந்தவர் துல்லியமாகக் கேட்டார். சகலையோ சாதாரண வண்டிக்கான மீட்டரைச் செருகிப் பார்த்தான். இந்த எஞ்சினுக்கு அதில் முள் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். அவன் முகம் செத்துப்போயிற்று. சீல் போய்விட்டது, எஞ்சினை இறக்கித் திறக்க வேண்டும் என்றான். சொல்லிவிட்டுக் காதுக்காரர் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். காதுக்காரர் நட்டு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். எஞ்சினைத் தூக்கச் சங்கிலி மாட்டியாயிற்று. திறந்தால் செலவுக்கு அளவில்லை, அதற்குப் பதில் விற்றுவிடலாமா என்று அந்தம்மா கண் கலங்கக் கேட்டார். மாமா தடுமாறிப்போய் நின்றார். மாடிப் படியில் சகலையின் மனைவி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். காதுக்காரர் எதிர்பார்த்த கூட்டம் கூடிவிட்டது.

எழுந்து வந்தார். யாரையும் பார்க்காமல் நாலு ஒயரையும் உருவி மாற்றிச் செருகினார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு தடவை கனைத்துவிட்டு அடங்கி, பூனை தூங்குகிற மாதிரி ஓட ஆரம்பித்தது. மாமா உள்ளங்கையை வைத்தார். கிழவருக்கு முகமெல்லாம் பல்.

டாக்டரம்மா போனதும் மாமா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். பெரிய மாப்பிள்ளை இருக்கும்போது தனக்கு என்ன கவலை என்றார். காதுக்காரர் கையை நீட்டினார்.

சகலைக்கும் சந்தோஷம்தான். தன் தலைமேலிருந்து மலை இறங்கியமாதிரி சிரித்தான். "தப்பு என்னோடதுதான் மாமா. அண்ணேகிட்ட அக்கா மேலயான்னு கேட்டேன். அவர் சொன்னது என் காதுல சரியா விழலை போல."

பில் மேஜையில் பேனா நின்றது. "எப்போ கேட்டீங்க?" என்றாள் காதுக்காரர் மனைவி.

"குழாய் மாத்துன அன்னிக்கு. நீங்ககூட மாடிக்கு வந்திருந்தீங்களே, அப்போ."

அவள் பில் புத்தகத்தை மூடினாள். அப்புறம் புருஷனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள். "மூணு மூச்சும் ஒண்ணுபோல வந்தது இங்க உக்காந்திருந்த எனக்கே கேட்டுச்சு. தம்பிகிட்ட போய், அவசரப்பட வேண்டாம், எஞ்சின் நல்லா இருக்கற மாதிரி இருக்கேன்னு சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? நல்லா இருந்தா அண்ணே சொல்லியிருப்பாரே அக்கா, அவருக்குக் கேக்காததா, அவரே பேசாம இருக்காருன்னா போயிடுச்சுன்னுதான் அர்த்தம்னார்."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அந்தக் கையை என்ன செய்வதென்று காதுக்காரருக்குத் தெரியவில்லை. ஊரிலேயே தன் காதை இவ்வளவு நம்பியவன் அவன் ஒருத்தன்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் காது மடல் சுட்டது.

"மாமா, எனக்கு முன்னயே தெரியும்" என்றார் மெதுவாக.

"என்ன?" மாமா காதைக் கிட்டே கொண்டுவந்தார்.

"எனக்கு முன்னயே தெரியும்னேன்."

"முன்ன டயரா? அதுக்கு என்ன?"

காதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கத்தினார். "ஒயர் மாறினது எனக்கு முதல் நாளே தெரியும் மாமா! நான் சொன்னதை வச்சுத்தான் அவன் மாட்டினான்! வேணும்னே சொல்லாம இருந்தேன்!"

எதிர் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம் நின்றது. மாடிப்படியில் இருந்தவள் நகத்தை விட்டாள். சகலை துணியை எடுத்தான், மடிக்காமல் கையிலேயே சுருட்டி வைத்துக்கொண்டான்.

மாமாவுக்கு இந்தத் தடவை நன்றாகக் கேட்டுவிட்டது. சாவிக்கொத்தைப் பார்த்தார், இரண்டு மாப்பிள்ளைகளையும் பார்த்தார். ஒருத்தனுக்குக் கேட்கத் தெரியவில்லை, இன்னொருத்தனுக்குச் சொல்ல வாய் வரவில்லை. நேராக நடந்துபோய் பில் மேஜைமேல் சாவியை வைத்தார்.

"நீயே வச்சுக்கோம்மா" என்றார் மூத்த மகளிடம்.

மறுநாள் காலையில் அவள்தான் ஷட்டரைத் தூக்கினாள். வந்து நின்ற புத்தம்புது வேனைச் சகலைக்குக் கொடுத்தாள். காதுக்காரருக்கு ஒரு ஓட்டை ஸ்கூட்டர். கொடுக்கும்போது முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை, அதிகாரி மாதிரியே இருந்தாள். காதுக்காரருக்கு வயிறு எரிந்தது. இந்தத் தடவை யார்மேல் என்றுதான் அவருக்கே குழப்பம்.

சகலை காலையிலிருந்து அவரிடம் பேசவில்லை. மத்தியானம் வேனுக்குள்ளிருந்து, வேறு வழியில்லாத குரலில், ஒரு கேள்வி வந்தது.

"அண்ணே, இது மேலயா, கீழயா?"

ஸ்கூட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காதுக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"எதைக் கேக்கற? இரு, வந்து பாக்கறேன்" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.