அக்கா இருந்த தூரம்

எழுபதுகளின் தொடக்கத்தில் அக்காவும் அவள் கணவரும் பினாங்கில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். மச்சானிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை இல்லை என்றானபோது, சுங்கை சிப்புட் தோட்டத்தில் ரப்பர் மரத்துப் பால் வெட்டிக்கொண்டிருந்தவரைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அக்கா அந்தத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். இந்தியாவைப் பார்த்ததே இல்லை. புருஷனை விட்டுவிட்டு எப்படி இருப்பது என்று இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கப்பல் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

அதற்குப் பிறகு அம்மா அவளைப் பார்க்கவில்லை. எண்பதுகளில் ஈப்போவில் என் வீட்டில்தான் அம்மா இறந்தார். உடனே தந்தி கொடுத்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவள் எங்கே வரப்போகிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். மறுநாளே எடுத்துவிட்டோம்.

அடுத்த வருடம், நான் வேலை செய்த லாரிப் பட்டறையில் லீவு கேட்டு அவளைப் பார்க்கப் போனேன். சுபாங்கில் விமானம் ஏறி, கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். மெட்ராஸ் வந்துவிட்டது. அங்கிருந்து முசிறிப் பக்கம் மச்சானின் ஊருக்கு பஸ்ஸில் போய்ச் சேரத்தான் அதைவிட அதிக நேரம் பிடித்தது.

மச்சான் முன்பே தவறியிருந்தார். பையன்கள் வெளியூரில் வேலை பார்த்தார்கள். அக்கா தனியாக இருந்தாள். கூலிக்குக் களை எடுக்கப் போனாள். ஊரில் அவளுக்கு மலேயாக்காரி என்று பெயர். பேச்சு மட்டும் மாறவே இல்லை.

காப்பி கொடுத்துவிட்டு, வந்து சேர எத்தனை நாள் ஆனது என்று கேட்டாள்.

"பிளேன்ல நாலு மணி நேரங்கூட இல்லக்கா," என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

மறுபடியும் சொல்லச் சொன்னாள். ஈப்போவிலிருந்து சிங்கப்பூருக்கு பஸ்ஸில் போகிற நேரம்கூட இல்லையா என்று கேட்டாள். பிறகு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"ரொம்ப தூரம்லா, போவ முடியாதுன்னுதான் இத்தன வருஷம் மனசத் தேத்திக்கிட்டு இருந்தேன். இவ்ளோ கிட்டத்துல இருக்குன்னு ஏன்டா சொன்ன?"

பாஸ்போர்ட், விசா என்று ஏதேதோ விளக்கினேன். அது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அம்மாவை எப்போது எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். மறுநாள் சாயங்காலம் என்றேன். தந்தி அதற்கு முதல் நாளே தன் கைக்கு வந்துவிட்டது என்றாள்.

திரும்பி வந்ததும் அவளை ஒரு தடவையாவது வரவழைத்துவிட வேண்டும் என்று அலைந்தேன். குடிநுழைவு அலுவலகத்தில் அவள் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். தோட்டம் கை மாறி, ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டிருந்தார்கள். அவளைத் தெரியும் என்று சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை. கடைசியில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதை அவளுக்கு எழுதினேன். பதில் வரவில்லை.

சில வருடங்கள் கழித்து அக்காவின் மூத்த பையனிடமிருந்து தந்தி வந்தது. அன்றைக்கு மெட்ராசுக்கு விமானம் இல்லை. இருந்திருந்தாலும், நான் போகும்வரை உடம்பை வைத்திருக்க மாட்டார்கள். வீட்டிலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஒரு விளக்கை ஏற்றிவைத்து உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த என் பிள்ளைகள், யார் செத்துப்போனது என்று கேட்டார்கள். அவர்கள் அவளைப் பார்த்ததே இல்லை.