பரிசோதனைக்கு நான் கொண்டுபோன கிணற்றுத் தண்ணீர்

நேமத்தான்பட்டிக்குப் பக்கத்தில் முள் மண்டிக் கிடந்த பொட்டலில் மூன்று கோழிக் கொட்டகை போட்டேன். பாறையை உடைத்துக் கிணறு வெட்டினேன். அந்தத் தண்ணீரைக் கொட்டகைக்கும் வீட்டுக்கும் குழாயில் இழுத்தேன். தென்னந்தோப்பு வைத்தேன். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. ஒரு சீக்கு வந்தால் கவிழ்ந்துபோவேன் என்று சிரித்த சொந்தக்காரர்கள், பிறகு கோழி வளர்க்க என்னிடமே யோசனை கேட்டு வந்தார்கள். பாதியைச் சொன்னேன். பாதியை மறைத்தேன்.

மறைத்த பாதி, மருந்து. குஞ்சு இறங்கிய அன்றே குடிக்கிற தண்ணீரில் மருந்துப் பொடியைக் கலந்துவிடுவேன். சீக்கு வரட்டும் என்று காத்திருப்பவன் ஏமாளி என்பது என் எண்ணம். கால்நடை மருத்துவர் ஒருமுறை வேண்டாம் என்றார். கோழி சீக்கானால்தானே இவருக்கு வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவிக்கு நீர்க்கடுப்பு வந்தது. காரைக்குடியில் ஒரு டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். கேட்கவில்லை. வேறு மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் ஏறி, விலாவில் வலி கண்டது. கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது, ரத்தத்தில் கலந்தால் உயிருக்கு ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

மருந்துக்கடைக்காரர் போலி மாத்திரை கொடுத்துவிட்டார் என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டாக்டரம்மா வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாரா என்று நர்சிடமே கேட்டேன். படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமல் பேசினாள்.

"எல்லார் மேலயும் சந்தேகப்படுறீக. நான் ஒருத்திதான் பாக்கி."

"உன் மேலயும் இருக்கு. மாத்திரைய முழுங்குறியா, சன்னல் வழியா வீசுறியா?"

"வீசுனா உங்க மண்டையிலதான் விழும். அங்குட்டுத்தான நின்னு பீடி குடிக்கிறீக."

சிறுநீரில் இருந்த கிருமியை வளர்த்துப் பார்த்த அறிக்கை வந்தது. தாளில் வரிசையாக மருந்துப் பெயர்கள். கிருமி சாகிற மருந்துக்கு நேரே ஒரு எழுத்து, சாகாததற்கு வேறு எழுத்து என்று நர்ஸ் காட்டினார். ஒன்றைத் தவிர, சாகாத எழுத்துதான் மேலிருந்து கீழ்வரை. இங்கேயே ஏதோ கோளாறு என்று மதுரைக்கும் அனுப்பச் சொன்னேன். அங்கேயும் அதேதான் வந்தது.

எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் என் மருந்து டப்பாவில் உள்ள பெயரை இருபது வருடமாகப் பார்க்கிறேன். அதன் உருவம் கண்ணில் பதிந்துவிட்டது. அதே உருவம் அந்தத் தாளில் இருந்தது. நேரே சாகாத எழுத்து. ஊருக்குப் போய் டப்பாவை எடுத்து வந்து டாக்டரம்மா மேசையில் வைத்தேன்.

"இது கோழிக்குக் கொடுக்குறதாச்சே ஐயா. யார் சாப்பிட்டது?"

"கோழிதான் சாப்பிட்டுச்சு. இவளுக்கு ஏன் கேக்கல, அதச் சொல்லுங்க."

"கோழி எருவை எங்க கொட்டுறீங்க?"

"கிணத்து மேட்டுல."

டாக்டரம்மா டப்பாவைத் திருப்பிப் படித்தார். மருந்திலேயே பழகிப்போன கிருமி கோழி எச்சத்தோடு வெளியே வந்து, மழையில் கிணற்றுக்கு இறங்கியிருக்கலாம் என்றார். அதே தண்ணீரைக் குடித்த எனக்கு ஒன்றும் வரவில்லையே என்று மடக்கினேன். அந்தக் கிருமி என் குடலிலும் சும்மா இருக்கலாம் என்றார். எதுவும் சோதிக்காமல் சொல்ல முடியாதாம். இப்போது வைத்தியம்தான் அவசரமாம்.

நான் விடவில்லை. மறுநாள் ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரும் ஒரு டப்பியில் கோழி எச்சமும் கொண்டுபோனேன். பரிசோதனைக்கூடத்தில் இருந்த பெண் கையை நீட்டவே இல்லை.

"நாங்க மனுசங்களுக்குத்தான் பாக்குறோம் ஐயா."

"தண்ணியக் குடிச்சது மனுசிதான."

வாங்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கிணற்றிலும் எச்சத்திலும் என் மனைவியிடம் கண்ட அதே வகைக் கிருமி. அதே மருந்துகளுக்கு அசையாத கிருமி. எதிலிருந்து எதற்குப் போனது என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் அந்தத் தண்ணீர் வேண்டாம் என்றார் டாக்டரம்மா. தாளில் மிஞ்சியிருந்த ஓர் ஊசி மருந்தைப் பத்து நாள் ஏற்றியதில் என் மனைவி பிழைத்தாள்.

எருவைக் கிணற்றுப் பக்கத்திலிருந்து அப்புறப்படுத்தினேன். பொடியை நிறுத்தினேன். மறைத்த பாதியையும் சொந்தக்காரர்களிடம் சொல்லி, நீங்களும் நிறுத்துங்கள் என்றேன். "இப்ப எங்க கோழி சாகணுங்கிறீகளாக்கும்" என்று ஒருவர் எழுந்து போய்விட்டார்.

டாக்டர்கள் கூட்டம் ஒன்றில் இதைப் பற்றிப் பேசியது அவர்கள் பத்திரிகையில் அச்சாகி வந்திருக்கிறது. ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். "கவனக்குறைவான ஒரு கோழிப்பண்ணையாளர்" என்று நான் இருக்கிறேன். அது சரிதான், தப்பு என்னுடையது. ஆனால் கிணற்றுத் தண்ணீரும் எச்சமும் "சேகரிக்கப்பட்டன" என்று போட்டிருக்கிறது. யார் சேகரித்தது? மறந்து விட்டார்களா, வேண்டுமென்றே விட்டார்களா? எனக்கு மறதி என்று தோன்றவில்லை. என் பெயரைப் போட வேண்டாம். அவற்றைக் கொண்டுவந்து சோதிக்கச் சொன்னவரும் அதே பண்ணையாளர்தான் என்று, அந்த வரிக்குப் பக்கத்திலேயே சேர்த்து அச்சடிக்க வேண்டும்.