மாயக்காளும் இமானுவேல் சார் வீட்டு வைஃபையும்

கூடலூரில் மாயக்காளைத் தெரியாது என்று ஒருத்தர் சொன்னால், அவர் குமுளி பஸ்ஸை விட்டு இங்கே இறங்கினதே இல்லை என்று அர்த்தம். பத்தாவது ரிசல்ட் பார்க்கணுமா, மாயக்காள். துபாயில் இருக்கிற மகனுக்கு மெயில் தட்டணுமா, அதுக்கும் மாயக்காள்தான். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர் சுருளியின் பெண்டாட்டி. தபால் வழியில் பி.காம். முடித்தவள். திருப்பூரில் இருந்த தம்பி கழித்துப் போட்ட லேப்டாப் ஒன்று அவளிடம் இருந்தது. இன்டர்நெட் இணைப்புதான் கிடையாது.

அப்புறம் எப்படி நடந்தது என்கிறீர்களா? அங்கேதான் சங்கதி.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி உட்கார்ந்தால், எதிர்வீட்டு இமானுவேல் சாரின் வைஃபை நாலு கோடும் நிறைந்து வரும். சார் ரிட்டயரான வாத்தியார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற மனுஷர். ஆனால் கார்த்திகை பிறந்துவிட்டால், சபரிமலைக்குப் போகிற சாமிமாருக்கு வாசலில் மோர்ப்பந்தல் போடாமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. 2008-இல் பெங்களூர்ச் சாமி ஒருத்தர், "ஆபீசுக்கு அவசரமா ஒரு மெயில் அனுப்பணும் சார்" என்று லேப்டாப்போடு நின்றார். அடுத்த வேனிலும் ஒருத்தர் கேட்டார். ஒவ்வொருத்தருக்கும் பாஸ்வேர்டு சொல்லி மாளாது என்று அதையே எடுத்துவிட்டார் சார். தை மாதம் பந்தலைப் பிரித்தாகிவிட்டது. வைஃபையைப் பூட்டணும் என்ற நினைப்புதான் ஒருத்தருக்கும் வரவில்லை.

மாயக்காள் கேட்டுக்கொண்டா எடுத்தாள்? இல்லை. உள்ளதைச் சொல்லணுமில்லையா? 'சும்மா கெடக்குறதுதானே, சாருக்கு என்ன கொறஞ்சு போச்சு' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உறுத்தாமலும் இல்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே ஐந்து மாதம் ஓடிப்போனது.

அதற்குள் கிராம நிர்வாக அலுவலர் பரீட்சையில் பாஸாகியிருந்தாள். அவர்கள் வகையறாவிலேயே சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகும் முதல் ஆள். போலீஸ் வந்து விசாரித்து, இவள் மேல் கேஸ் ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி.

ஜூன் மாதம் ஒரு காலையில் போலீஸ் வந்தது. வந்தது அவள் வீட்டுக்கில்லை, எதிர்வீட்டுக்கு.

பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு, குண்டு வைத்திருப்பதாக மெயில் போயிருக்கிறது. குண்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனால் பயந்து ஓடினதில் ஒரு பிள்ளை மாடிப்படியில் உருண்டு கையை ஒடித்துக்கொண்டது. மெயில் போன இணைப்பு இமானுவேல் சாருடையது. "கனெக்‌ஷன் ஒங்க பேர்ல இருக்கு. நீங்கதான் பதில் சொல்லணும்" என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார் இன்ஸ்பெக்டர். செருப்புக்கூடச் சரியாக மாட்டாமல் போனார் மனுஷர்.

மாடியில் நின்று பார்த்த மாயக்காள் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். சுருளி வாசலை மறித்தான்.

"ஏ புள்ள, கிறுக்கா ஒனக்கு? ஆர்டர் வரப்போற நேரத்துல நீயாப் போயி மாட்டுவியா? சார் பெரிய மனுசரு, எப்படியும் வெளிய வந்துருவாக."

"வந்துருவாக. ஆனா அந்த வைஃபைய நானும் எடுத்தேன்னு சொல்ல ஆளில்லாம எப்படி வருவாக? நான் வாய மூடிக்கிட்டு ஆபீசர் சேர்ல போயி ஒக்காந்தா, அது எனக்கு முள்ளாக் குத்தும்."

சுருளி வாசலை விட்டு விலகினான். ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு, "ஏறு, நானே கொண்டாந்து விடுறேன்" என்றான்.

ஸ்டேஷன் பெஞ்சில் சார் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். மாயக்காள் மடமடவென்று சொல்லி முடித்தாள். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. "ஒங்க ஜீப்பிலயே வாங்க சார்" என்று அவரைத் தங்கள் தெருவுக்குக் கூட்டிவந்து, இமானுவேல் சார் வீட்டுக் கேட்டைத் தொடாமல் நடுத்தெருவில் நின்று லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். நெட் வந்தது.

"அப்ப அந்த மெயில நீயே அனுப்பிருக்கலாமே?"

"அனுப்பிருக்கலாம்தான். அதுக்குத்தான் பொட்டியையே கொண்டாந்துருக்கேன். வச்சுப் பாருங்க."

தெருவே கேட்டுக்கொண்டு நின்றது. அடேயப்பா, என்ன நெஞ்சுரம் அவளுக்கு! அதோடு விட்டாளா? கூட வந்திருந்த சார் பக்கம் திரும்பினாள்.

"நான் கேக்காம எடுத்தது தப்பு சார். ஆனா மோர்ப்பந்தல்ல டம்ளரக்கூடச் சங்கிலி போட்டுக் கட்டுனீகளே, இதை இப்படித் தெறந்து போட்டீகளே!"

பதினெட்டு நாள் லேப்டாப் ஸ்டேஷனில் இருந்தது. தெருவில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். சார் வீட்டு மோடத்தில், இவர்கள் இருவருடையதும் போகப் பதிவாகியிருந்த மூன்றாவது கம்ப்யூட்டரைத் தேடிப் போனதில், பின்தெரு மாடியில் வாடகைக்கு இருந்தவன் மாட்டினான். அந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை போன ஆத்திரமாம். சாரையும் மாயக்காளையும் எச்சரித்து விட்டுவிட்டார்கள். சார் அன்றைக்கே பாஸ்வேர்டு போட்டார்.

ஆகஸ்டில் ஏட்டையா ஒருத்தர் காகிதத்தோடு வந்தார், மாயக்காளைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்க. முதலில் தட்டியது எதிர்வீட்டுக் கதவை. மாயக்காள் ஜன்னலோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"பொண்ணு எப்படி சார்?"

இமானுவேல் சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். வகுப்பில் பேசுகிற குரலில், தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"அஞ்சு மாசம் என்னோட இன்டர்நெட்ட எனக்குத் தெரியாம எடுத்துச்சு. அத எழுதிக்கங்க. எனக்காக அதத் தானா வந்து ஸ்டேஷன்ல சொல்லுச்சு. அதையும் எழுதிக்கங்க. எழுதிட்டு எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க."