ஜவாத் காக்கா தந்த லென்ஸும் நான் சொன்ன இலக்கமும்

ஜவாத் காக்கா மௌத்தாம்.

காலையில் எங்கள் போட்டோ குறூப்பில் ஒருவர் போட்டிருந்தார். நான் நம்பவில்லை. யார் சொன்னது, எப்போது, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் அவருடைய நம்பருக்கே எடுத்தேன். மகள் எடுத்தாள். "ஓம் ராத்தா... வாப்பா இல்ல."

தெரியாதவர்களுக்கு: காத்தான்குடியில் பழைய கமெராக்களும் லென்ஸும் வாங்கி விற்றவர். நான் அவரிடம் ஒரேயொரு லென்ஸ்தான் வாங்கினேன். அந்த ஒன்றைப் பற்றி அவரிடம் சொல்லாத ஒரு விசயம் இருக்கிறது. இங்கே சொல்கிறேன்.

கல்லடிக் கடற்கரையில் விமான சாகசக் காட்சி என்று அறிவித்த வாரம். எனக்கு அறுநூறு மில்லிமீற்றர் வரை போகும் சூம் வேண்டும். கண்ணாடி அலுமாரியில் ஒன்று இருந்தது. காக்கா அதைத் தொடவே இல்லை. நூறு–நானூறு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

கேட்டது ஒன்று, தருவது ஒன்று. உடனே சந்தேகம்.

போன் டோர்ச்சை அடித்து லென்ஸுக்குள் பார்த்தேன். வாவிக் காற்றுக்குக் கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்கும். விற்கிறவர்கள் சொல்லமாட்டார்கள்.

"என்ன புள்ள, மீன்ட செவுளப் பாக்கிற மாதிரிப் பாக்கிறாய்?"

"செவுள் சிவப்பா இருந்தா எடுப்பன் காக்கா."

"எடு எடு. நேத்து ராத்திரிப் பிடிச்ச மீன்தான்."

அறுநூறை யாருக்கு ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று நேரடியாகவே கேட்டேன். அவர் அதை எடுத்து என் கமெராவில் மாட்டிக் கடை வாசலுக்குக் கூட்டிப்போனார். கல்முனை பஸ் ஒன்று வந்தது. "பிடி."

பிடித்தேன். வந்தது கொண்டக்டரின் முழங்கை. அடுத்த படத்தில் அதுவும் இல்லை... வெறும் மதில்.

"பஸ்ஸப் பிடிக்க ஏலாது. ஜெட்டப் பிடிக்கப் போறாவாம்."

நூறில் வைத்துத் தேடு, கண்டதும் நானூறுக்குப் போ என்றார். நான்கு விமானம் சேர்ந்து வந்தால் அறுநூறில் ஒரு வால்தான் கிடைக்கும். அதோடு அந்தப் பாரம், அந்த வெயில், கொதிக்கிற மணலுக்கு மேலே நெளிகிற காற்று... எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. விற்கிறவர் இவ்வளவு சரியாகப் பேசுவாரா?

வாங்கினேன். அப்போதுதான் அவர் ஒரு கொப்பியை எடுத்தார்.

"பேரச் சொல்லு. ஐடி நம்பரச் சொல்லு. எங்க நிண்டு எடுக்கப் போறாய், தனியவா?"

"என்னத்துக்குக் காக்கா?"

"தேவைப்படும் புள்ள. கிடைச்சாச் சொல்றன்."

கொப்பியில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து பெயர்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. சண்டைக் காலத்தில், அம்மா பனிச்சங்கேணியில் சிறுமியாக இருந்தபோது வந்த பழக்கம். கொப்பியோடு யாராவது நம்பர் கேட்டால் ஒரு இலக்கத்தை மாற்றிச் சொல்வது. "பேர் எழுதுறவங்க என்னத்துக்கு எழுதுறாங்க எண்டு ஆருக்குத் தெரியும்" என்பார் அம்மா. பிடிபட்டால், எழுதினவர் பிழையாக எழுதிவிட்டார் என்று சொல்லலாம்.

என் நம்பரின் கடைசி இலக்கம் ஒன்று. நான் ஏழு என்று சொன்னேன்.

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

காட்சிக்கு முதல் நாள் கோல் எடுத்தார். படம் எடுப்பவர்களுக்கு மேடைக்குப் பக்கத்தில் தனி இடமாம். பாஸ் கிடைத்துவிட்டதாம். அந்தக் கொப்பி அதற்குத்தான்... கிடைக்காவிட்டால் ஏமாந்துபோவோம் என்று யாருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "தேங்ஸ் காக்கா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் வாசலில் நின்றவர் என் அடையாள அட்டையையும் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பர் பொருந்தவில்லை. பட்டியல் தந்தது யார் என்று கேட்டார். உள்ளே இருந்து காக்காவைக் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"காக்கா பிழையா எழுதிட்டார் போல" என்றேன்.

காக்கா கொப்பியைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஏழு... தெளிவாக, குறுக்குக் கோடும் போட்டு. அவர் என் அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கொப்பியை மூடினார்.

"ஓம் சேர். என்ட பிழைதான்."

விளக்கம் எழுதித்தரச் சொல்லி அவரை ஒரு கூடாரத்துக்குள் உட்கார வைத்தார்கள். ஜெட்கள் வந்து போய் முடியும்வரை அங்கேதான் இருந்தார். சத்தத்தை மட்டும் கேட்டிருப்பார்.

நான் கயிற்றுக்கு வெளியே சனத்தோடு சனமாக நின்று எடுத்தேன். நான்கு விமானங்கள், புகையோடு, முழுதாக. நீங்கள் பலரும் லைக் போட்ட அந்தப் படம்.

அதற்குப் பிறகும் அவரைச் சந்தேகித்தேன். ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? இதை வைத்து ஒருநாள் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கடைப் பக்கம் போகாமல் விட்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

குறூப்பில் அது ஒரு பகிடியாகிவிட்டது. "காக்காட்டக் குடுத்தா நம்பர் மாறும்." அடுத்த முறை பட்டியல் எடுக்கும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். காக்கா ஒரு சிரிப்பு இமோஜி போட்டார். அதற்குக் கீழே நானும் ஒன்று போட்டேன்.

இன்றைக்கும் அஞ்சலி எழுதுகிற இரண்டு பேர் அந்தப் பகிடியை அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால்தான் இது.

அவர் பிழையாக எழுதவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதினார். பொய் சொன்னது நான். இரண்டு முறை.

எனக்கு ஆறுதல் ஒன்றும் எழுத வேண்டாம். அந்தப் பகிடியை மட்டும் அழித்துவிடுங்கள்.

போயிட்டு வாங்க காக்கா.