ஐந்து லென்ஸ் ஒப்தூலியா

“கேக் ஞானம்மா, ரெண்டு விரக்கடை பின்னால போங்க! செருப்பு ஞானப்பா, வயித்தை உள்ள இழுங்க! தலகாணி ஞானப்பா எங்கய்யா? பீர் குடிக்கப் போயிட்டாரா? கூட்டியாங்க! எல்லாரும் கோட்டுல நில்லுங்க, கோட்டுல!”

இப்படிக் கத்திக்கொண்டே எங்கள் ஊர் போட்டோக்காரர் ஒப்தூலியாம்மா தரையில் மண்டியிட்டு, சாக்பீஸால் கோடு கிழித்துக்கொண்டே போவார். ஐம்பத்தாறு வயது. முழங்கால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் சொடக்குப் போடும். பதினாறு பை வைத்த காக்கி மேல்சட்டை. அதில் ஒன்றில்தான் பேட்டரி, மற்றதெல்லாம் புளி மிட்டாய். அழுகிற குழந்தைக்கு ஒன்று, அழுகிற மணப்பெண்ணுக்கு இரண்டு.

எங்கள் ஊரில் பெண்ணுக்குப் பதினைந்து வயது நிறைந்தால் விழா. விழாவுக்குக் கேக் வாங்கித் தருகிறவர் கேக் ஞானம்மா, செருப்பு வாங்கித் தருகிறவர் செருப்பு ஞானப்பா, கோயிலில் அவள் மண்டியிடும் தலையணைக்கு ஒருவர், கிரீடத்துக்கு ஒருவர், சிறுமியாக அவள் வாங்கும் கடைசிப் பொம்மைக்கு ஒருவர். நாற்பது பேர் தேறுவார்கள். அத்தனை பேரும் ஒரே படத்தில் விழ வேண்டும். ஒருவர் காது விடுபட்டாலும் போச்சு, பேரன் காலம் வரைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால்தான் இந்தச் சாக்பீஸ். “கோட்டுல நின்னா தெளிவா விழுவீங்க. கோட்டை விட்டு நகர்ந்தா மங்கலா விழுவீங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க” என்பார். சாக்பீஸ் என் கடையிலிருந்து போகிறது. அவருடைய ஸ்டுடியோவுக்கு அடுத்த கதவு என் நோட்டுப்புத்தகக் கடை. என் மூத்தவனுக்கு அவர் ஞானத்தாய், ஆகவே அவர் எனக்குக் கொமாத்ரே, நான் அவருக்குக் கொம்பாத்ரே. அந்த உறவில் பொருள் கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. நானும் சொல்வதில்லை. முணுமுணுப்பதோடு சரி.

போன நவம்பர் வரைக்கும் அவரிடம் ஒரு ஜூம் லென்ஸும், ஜூம் இல்லாத ஐந்து லென்ஸும் இருந்தன. ஜூம் எப்போதோ ஆற்றில் விழுந்து ஒரு வாரம் காயப்போட்டு எடுத்தது, உள்ளே ஒரு நத்தை இருக்கிறது என்பார்கள். மற்ற ஐந்தையும் ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டி, அந்தத் தோள் சாய்ந்து, நடையும் சாய்ந்து, அவர் தெருவில் வரும்போது தெருதான் சரிந்திருக்கிறதோ என்று தோன்றும். மோதிரம் மாற்றும் நேரத்தில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருப்பார். முத்தம் கொடுத்த பிறகு “இன்னொரு தரம்!” என்பார். மாப்பிள்ளைகள் இதைக் குறையாகச் சொன்னதில்லை.

நவம்பரில்தான் வந்தது வினை. அவர் கணவர் திபூர்சியோவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. திபூர்சியோ படகோட்டி. பாபலோவாபன் ஆற்றில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றுகிறவர். புரை முற்றி, ஒருநாள் துறைக்குப் பதிலாகத் துணி துவைக்கிற கல்லில் படகைக் கொண்டு முட்டினார். வேராக்ரூஸ் நகரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் லென்ஸ் வைக்க வேண்டும், அது ஒரே தூரத்துக்குத்தான் தெளிவாகக் காட்டும், மற்றதெல்லாம் கொஞ்சம் மங்கல்தான் என்று டாக்டர் சொன்னார். “தூரமா, கிட்டமா? யோசிச்சுச் சொல்லுங்க, அப்புறம் மாத்த முடியாது.”

திபூர்சியோ டாக்டர் அறையில் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒப்தூலியா ஆஸ்பத்திரி மாதா சிலைக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தார். அழுகையில் வாய் நீண்டுவிட்டது. “தாயே, அந்த மனுஷனுக்குப் பார்வையைத் திருப்பிக் கொடு. அவர் ஒரே லென்ஸோட வாழணும்னா நானும் ஒரே லென்ஸோட வாழறேன். சாகிற வரைக்கும். மத்ததெல்லாம் கந்தெலாரியா திருவிழா அன்னிக்கு எங்கூர் கோயில்ல உன் காலடியில வெச்சிடறேன்!” சத்தமாகச் சொன்னார். அந்த வரிசையில் எங்கள் ஊர்க்காரர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் திரும்பி வருவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. எந்த லென்ஸ் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. நேர்த்திக்கடனை முதலில் நேர்ந்துகொண்டு அப்புறம் யோசிப்பது எங்கள் ஊர் வழக்கம்.

அழுது முடித்து வெளியே வந்தால், திபூர்சியோ சிரித்துக்கொண்டு நிற்கிறார். “சொல்லிட்டேன். டோமினோ மேசை தூரம்னு சொல்லிட்டேன்!”

“என்னது?”

“நாம ஞாயித்துக்கிழமை ஆடற மேசை. அந்தத் தூரத்துக்கு வைக்கச் சொல்லிட்டேன்.”

ஒப்தூலியாவுக்குத் தலை சுற்றியது. “ஆத்துல படகு ஓட்டற மனுஷன், அக்கரை தெரியணும்னு கேக்கல. பேப்பர் படிக்கணும்னு கேக்கல. டோமினோவாம்! வாழ்க்கைக்கு ஒரே ஒரு தூரம் குடுத்தா அதைக் கொண்டுபோய்ச் சூதாட்டத்துல வெச்சுட்டான் கிழவன்!” இதை அவர் கசாப்புக் கடையில் சொன்னார், பேக்கரியில் சொன்னார், ஞானஸ்நானத்துக்கு வந்த கைக்குழந்தையிடம்கூடச் சொன்னார். கோபம் உண்மையானது. அது எனக்குத் தெரியும். கேலி மாதிரி பேசுவார், பேசி முடித்ததும் மிட்டாய் ஒன்றை எடுத்துத் தானே வாயில் போட்டுக்கொள்வார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. திபூர்சியோ வீட்டுக்கு வந்து, அக்கரையில் வெள்ளைச் சட்டை போட்ட ஆள் ஒருவர் நிற்கிறார் என்று ஆற்றைக் கடந்து போய், கொக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். ஒப்தூலியாவுக்கு லென்ஸ் தேடும் படலம் ஆரம்பமானது.

முதலில், கோயில் மணி அடித்துக் கூட்டிப் பெருக்கும் கோயில் பிள்ளை எவேலியோ குறுக்குவழி ஒன்று சொன்னார். “ஜூமும் ஒரே லென்ஸ்தானேம்மா? அதை வெச்சுக்கிட்டா எல்லாத் தூரமும் வந்துடுமே.”

“ஏன்யா, மாதாவையே ஏமாத்தச் சொல்றியா? எம் புருஷன் கண்ணுல டாக்டர் ஜூமா வெச்சு அனுப்பினாரு?”

ஆற்றில் விழுந்ததை மாதாவுக்கும் கொடுக்க முடியாது என்று, அன்றே ஜூம் நத்தையோடு தட்டுமுட்டுப் பெட்டிக்குள் போனது.

பிறகு வாரத்துக்கு ஒரு லென்ஸ் என்று பரீட்சை. முதல் வாரம் இருபத்துநான்கு மில்லிமீட்டர் லென்ஸ். அது எல்லாவற்றையும் அகலமாக வாங்கும், அதற்காக ஆளின் மூக்கருகே போய் நிற்க வேண்டும். கேக் ஞானம்மா பிரிசிலியானா படத்தைப் பார்த்துவிட்டு ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். “கேக்கு மூணு அடுக்கு. என் மூக்கு நாலு அடுக்கா இருக்கே, இது நியாயமா?” இரண்டாம் வாரம் நூற்று முப்பத்தைந்து. அதற்குத் தூரம் வேண்டும். ஒரு கல்யாணத்தையே சதுக்கத்து வாதாம்மரத்துக்குப் பின்னாலிருந்து எடுத்தார். போட்டோக்காரர் வரவில்லை என்று மணப்பெண் அழுதாள். “ஊர் ரகசியம் பூரா தெரிஞ்சுது கொம்பாத்ரே, யாரு கை யாரு இடுப்புல இருக்குன்னு. ஆனா ஒருத்தர்கூட வந்து, சாப்பிட்டியான்னு கேக்கல. முப்பது வருஷத்துல சோறு இல்லாம திரும்பின ஒரே கல்யாணம்.”

மூன்றாவது எண்பத்தைந்து. முகத்துக்கு அருமை. ஆனால் ஒப்தூலியாவின் ஸ்டுடியோ நான்கு எட்டு வைத்தால் முடிந்துவிடும். பள்ளிச் சான்றிதழுக்குப் படம் எடுக்க அவர் நடுத்தெருவில் போய் நின்றார். ஆள் உள்ளே ஸ்டூலில், அவர் வெளியே வெயிலில், இடையில் சைக்கிள்கள். நான்கு பிள்ளைகள் சான்றிதழில் பால்காரரோடு இருக்கிறார்கள். நான்காவது முப்பத்தைந்து. இதில் பழுதே இல்லை. எல்லாரும் விழுந்தார்கள், மூக்கெல்லாம் மூக்காகவே இருந்தது. ஒப்தூலியாவுக்கு முகம் மலரவில்லை. “குறை சொல்ல ஒண்ணும் இல்லாத மருமகன் மாதிரி இருக்கு. எனக்கு நம்பிக்கை வரல” என்றார்.

ஐந்தாவது ஐம்பது. கேமராவோடு வந்தது. பையின் அடியில் குழந்தைக் காலுறைக்குள் கிடந்தது. அதை அவர் பரீட்சைக்கே எடுக்கவில்லை. “அது தினம் சுடற தோர்த்தியா ரொட்டி மாதிரி. வீட்ல இருக்கும். அதைப் போய் யாராவது தேர்ந்தெடுப்பாங்களா?”

இப்படியே ஜனவரி ஓடிவிட்டது. திருவிழாவுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலையில் நான்கு லென்ஸ் மாதா காலடிக்குப் போக வேண்டும். எவை நான்கு என்று தெரியாது. ஊரில் பந்தயம்கூடக் கட்டிவிட்டார்கள்.

ஞாயிறு மதியம் ஒப்தூலியா வீட்டு முற்றத்தில் எங்கள் டோமினோ, புள்ளி போட்ட காய்களை எண் சேர்த்து வைக்கும் ஆட்டம். திபூர்சியோவும் ஒப்தூலியாவும் ஒரு ஜோடி, எதிரெதிர் நாற்காலி. எவேலியோவும் நானும் இன்னொரு ஜோடி. இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். டிசம்பரிலிருந்து நாங்கள் ஏழு ஞாயிறு தொடர்ந்து ஜெயித்திருந்தோம். காரணம், திபூர்சியோ காய்களைக் கையை முழுதும் நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அவர் பார்த்தாரோ இல்லையோ, எவேலியோ பார்த்தார். நாங்கள் வாய் திறக்கவில்லை. கோயில் பிள்ளையும் திறக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

எட்டாவது ஞாயிறு ஒப்தூலியா அதைக் கவனித்துவிட்டார். காய்களை மேசையில் கவிழ்த்தார்.

“யோவ் கிழவா. கையில என்ன இருக்கு?”

“காய்.”

“எத்தனை புள்ளி?”

திபூர்சியோ கையை இன்னும் நீட்டினார். “அஞ்சு இருக்கும். இல்ல, ஆறா?”

“டோமினோவுக்குன்னு கண்ணு வாங்கினியே! படகை விட்டே, பேப்பரை விட்டே, எல்லாத்தையும் விட்டே. கடைசில இந்தக் காயும் தெரியலையா? எதுக்குத்தான்யா வாங்கினே அந்தக் கண்ணை?” குரல் உடைந்துவிட்டது.

பிறகு போட்டோக்காரர் புத்தி விழித்துக்கொண்டது. இரட்டை ஆறு காயை எடுத்துத் திபூர்சியோ மூக்குக்கு எதிரே பிடித்தார். “இப்போ?”

“மங்கல்.”

ஓர் அடி பின்னால். “இப்போ?”

“கொஞ்சம் தேவலாம்.”

மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போய், தன் நாற்காலிக்கு முன்னால் நின்று, காயைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். “இப்போ?”

“ஆறும் ஆறும். கீழ் மூலைல ஒரு கீறல். நீ போன வருஷம் கோவத்துல விட்டெறிஞ்சியே, அந்தக் கீறல்.”

சுவரோரம் வரை பின்னால் போனார். “இப்போ?”

“புள்ளி தெரியுது. கீறல் தெரியல.”

அவர் மறுபடி முன்னால் வந்தார். நாற்காலிக்கு வந்ததும் திபூர்சியோ, “அங்கதான். நில்லு” என்றார். எவேலியோ எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “அது அந்தம்மா உக்கார்ற இடமாச்சே” என்றார். எல்லாருக்கும் கேட்டது.

திபூர்சியோ தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டினார். “டாக்டர் கேட்டார், காய் எவ்வளவு தூரத்துல இருக்கும்னு. காயில்ல டாக்டர், எதிர்ல உக்கார்ற ஆளுன்னேன். ஜோடி மூஞ்சி தெரியாம எப்படி ஆடறது?”

“முப்பத்தோரு வருஷமா பார்த்த மூஞ்சிதானேய்யா!”

“பார்த்து என்ன பிரயோசனம்? உன் கைல எப்ப அஞ்சு இருக்குன்னு இன்னும் கண்டுபிடிக்க முடியலையே.”

ஒப்தூலியா சட்டைப் பையிலிருந்து இரண்டு மிட்டாய் எடுத்துத் தானே வாயில் போட்டுக்கொண்டார்.

உள்ளே போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தன் நாற்காலியில் உட்கார்ந்தார். நூற்று முப்பத்தைந்தை மாட்டி எதிரே பார்த்தார். அந்தத் தூரம் அதற்குப் போதவே இல்லை, பொட்டைக்கண்ணாய்த் திணறியது. எண்பத்தைந்தில் முகம் வந்தது, தொப்பி வரவில்லை. இருபத்துநான்கில் திபூர்சியோவும், மேசையும், எவேலியோவும், நானும், கூண்டுக் கிளியும், கொடியில் காய்ந்த உள்பாவாடையும் வந்தோம். முப்பத்தைந்தில் எவேலியோவின் முழங்கை. “கையை எடுய்யா” என்றார். எடுத்ததும் என் முழங்கை வந்தது. கடைசியில் காலுறையிலிருந்து ஐம்பதை உருவினார். வெகுநேரம் பார்த்தார். திபூர்சியோ தொப்பியிலிருந்து மேசை விளிம்பு வரை வந்திருப்பார் என்று நினைக்கிறேன், காயைப் பிடித்த கையோடு. படம் எடுக்கவில்லை. “ம்” என்று மட்டும் சொல்லி மூடியைப் போட்டார்.

மறுநாள் நான்கு லென்ஸும் கந்தெலாரியா மாதா காலடியில், வெள்ளிக் கண், வெள்ளிக் கால் காணிக்கைகளுக்கு நடுவில் இருந்தன. மாதா நூற்று முப்பத்தைந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று எவேலியோ இன்றுவரை புலம்புகிறார். ஆற்று ஊர்வலத்துக்குக் கரையோரம் நின்ற மாதா படகும், பூவும், மேளக்காரர்களும் ஐம்பதுக்குள் அடங்கவில்லை. ஒப்தூலியா பின்னோக்கியே நடந்து, பக்கத்துப் படித்துறை இறங்கி, முழங்கால் தண்ணீருக்குள் நின்று, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இடுப்பளவுக்குப் போய்விட்டார். புளி மிட்டாய் மிதந்தது. படம் நன்றாக வந்திருக்கிறது, படகில் இருந்தவர்களில் ஒருவர் காதும் விடுபடவில்லை.

அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது திபூர்சியோ முன்னால் காய்களைச் சாய்த்து வைக்க ஒரு மரப்பலகை இருந்தது. மூக்கில் பேப்பர் படிக்கும் கண்ணாடி. எங்கள் நல்ல காலம் முடிந்தது என்று எனக்கும் எவேலியோவுக்கும் புரிந்துவிட்டது. கண்ணாடிக்கு மேலாக எதிர் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார் மனிதர். முற்றத்தைப் பெருக்கினவர்கள் அந்த நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டிருந்தார்கள்.

ஒப்தூலியா அடுக்களையிலிருந்து வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார், அரை அடி முன்னால் தள்ளினார், நான்கு விரல் பின்னால் இழுத்தார். திபூர்சியோ “அங்கதான்” என்றார். ஒப்தூலியா என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார்.

“கொம்பாத்ரே, ஒரு சாக்பீஸ்.”

முணுமுணுக்காமல் கொடுத்தேன். முழங்கால்கள் இரண்டும் சொடக்குப் போட அவர் தரையில் மண்டியிட்டு, தன் நாற்காலியின் நான்கு கால்களையும் சுற்றிக் கோடு கிழித்தார்.