பிரசிடென்டு ஜம்புலிங்கம் வைத்த விருந்து

நிலம் விற்க வந்த பெரியவரின் புஜத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார் ஜம்புலிங்கம். "இன்னா பெரியவரே, கையா இது, முருங்கக்காயா? ஒங்க காலந்தான் பூட்ச்சி, பேரப் புள்ளைங்களயாவது ஒயுங்கா வளக்கக் கூடாதா? நம்ம பார் பசங்க நாலு பேரு கீறானுங்க. காலீல வந்து பாருங்க. அது ஒடம்பு." பெரியவர் வந்தது பத்திரம் எழுத. ஆனால் பூவிருந்தவல்லி ரிஜிஸ்தர் ஆபீஸ் வராந்தாவில் ஜம்புலிங்கத்தின் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் யார் வந்து உட்கார்ந்தாலும், கையைக் கொடுத்துப் பிரசங்கத்தைக் கேட்டு முடித்த பிறகுதான் பேனா மைக்கூட்டுக்குள் இறங்கும்.

பிரசங்கம் செய்கிறவரின் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பத்திரம் எழுதுகிற உடம்பு. தொந்தி எழுத்துப் பெட்டிமேல் ஏறிப் படுத்துக்கொண்டு, காகிதம் காற்றில் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது. எழுந்திருக்க வேண்டுமானால் ஒரு கை தூணுக்கு, ஒரு கை பக்கத்து ஆளுக்கு. "குனிஞ்சி தன் காலப் பாத்துப் பத்து வருசம் ஆவுது இவுருக்கு. ஊரான் புள்ளைங்கள அந்தரத்துல சுத்தச் சொல்லிகினு கீறாரு" என்பாள் அவர் மனைவி தாட்சாயிணி. அவள் பேச்சை யார் கேட்கிறார்கள்? அவர் தேகப்பயிற்சி சங்கத்தின் பிரசிடென்டு. சங்கத்துக்கு விதிகள் எழுதித் தரச் சொல்லி ஊரார் அவரிடம் போனார்கள். எழுதித் தந்த விதிகளில் பிரசிடென்டு பெயருக்கு விட்டிருந்த இடத்தில் அவர் பெயரே உட்கார்ந்திருந்தது. பத்திரம் எழுதுகிறவர் எழுதியதை எவன் படித்துப் பார்க்கிறான், எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

நசரத்பேட்டைக்குப் போகிற சாலையில், புளியமரங்களுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பக்கத்தில் ஒரு மணல் குழி. குழிக்கு மேலே, ஆள் எட்டாத உயரத்தில், குறுக்காக ஓர் இரும்புக் கம்பி. அதுதான் பார். அதில் தொங்கிச் சுழன்று வித்தை செய்கிற நான்கு பையன்கள்தான் பார் பசங்கள். கற்றுக்கொடுப்பவர் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு வந்த சின்னசாமி. விடியற்காலையில் அவர் பையன்களின் இடுப்பைத் தாங்கிப் பிடிப்பார். ஜம்புலிங்கம் காப்பி டம்ளரைத் தாங்கிப் பிடிப்பார். பார்ப்பதுதான் பிரசிடென்டுக்குப் பயிற்சி. பார்த்த சூட்டோடு ஊருக்குள் போய், கணக்கில் முட்டை வாங்கின பையனுக்கும், மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு தாய்வீடு வந்த பெண்ணுக்கும், வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தவருக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பார்: "பார் பசங்களப் பாத்துக் கத்துக்க." அந்தப் பெண் எதைக் கற்றுக்கொள்வாள், தலைகீழாகத் தொங்கவா? கேட்டால் மனுஷருக்குக் கோபம் வந்துவிடும். காட்டுப்பாக்கத்தில் ஒரு வீட்டில் இந்த மருந்தை மூன்று நாள் விடாமல் கேட்ட பையன் ஒருவன், பார் பசங்கள் அந்தப் பக்கம் போனபோது நாயை அவிழ்த்துவிட்டான். அவன்மேல் எனக்கு வருத்தம் கிடையாது.

நால்வரில் ஒருவன் அவருடைய மகன் ஆனந்தன். சுமார் ரகம். உண்மையிலேயே பார்க்கும்படி இருந்தவன் வேம்புலி ஒருவன்தான். பதின்மூன்று வயது. அப்பன் ராமன் ஜம்புலிங்கத்தின் குடும்ப நிலத்தில் உழுகிறவன், சேரியில் குடிசை. குழிக்கு மணல் கொட்ட அப்பனோடு வந்த வேம்புலி, எல்லோரும் போன பிறகு எகிறிக் கம்பியைப் பிடித்து, யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டான். சின்னசாமி பார்த்துவிட்டார். "இவன வுட்டா ஒங்க சங்கத்துக்கு வேற கதி கெடயாது" என்றார். ஜம்புலிங்கம் ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு ஆண்டு விழாவில் மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டு, "பார்ல ஜாதி கெடயாது" என்று ஒரு வாக்கியத்தை அவிழ்த்துவிட்டார். கைதட்டல் கிடைத்தது. கைதட்டல் கிடைத்த வாக்கியத்தை அவர் விடுவாரா? போன இடமெல்லாம் சொன்னார். வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை. கம்பிமேல் ஜாதி கிடையாதுதான். கம்பிக்குக் கீழே இருந்த தண்ணீர்ப் பானையை மட்டும் வேம்புலி தொடக் கூடாது. யாராவது மொண்டு ஊற்றினால் கையேந்திக் குடிப்பான்.

சங்கத்துக்குப் போட்டோ எடுத்த கதையும் அப்படித்தான். நடுவில் நாற்காலி போட்டுப் பிரசிடென்டு உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் பையன்கள் நின்றார்கள். வேம்புலியை மட்டும் பின்னால் கம்பிமேல் உட்கார வைத்தார்கள். பிரசிடென்டின் அகலம் முழுசாக விழ வேண்டும் என்று போட்டோக்காரன் பெட்டியைக் கொஞ்சம் தாழ்த்த, வேம்புலியின் தலை கழுத்தோடு போய்விட்டது. அந்தப் படம் ரிஜிஸ்தர் ஆபீஸ் வராந்தாவில் தொங்குகிறது. வருகிறவர்களிடம் தலையில்லாத உடம்பைச் சுட்டிக் காட்டி, "மேற்படி பையந்தான் நம்ம உதாரண புருசன்" என்பார் ஜம்புலிங்கம்.

மாசி மாதம் சைதாப்பேட்டையில் ஜில்லாப் பந்தயம் என்று தகவல் வந்தது. பையன்களுக்கு உற்சாகம் ஊட்ட ஜம்புலிங்கத்துக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், சாப்பாடு. ஜெயித்து வந்தால் கடைத்தெரு வரலட்சுமி விலாஸ் கிளப்பில் விருந்து என்றார். அது என்ன லேசுப்பட்ட இடமா? பூவிருந்தவல்லியில் மார்பிள் மேஜை போட்ட முதல் சாப்பாட்டுக் கடை. பெரிய கிரயம் முடிந்தாலோ, பெண் பார்த்து நிச்சயமானாலோதான் ஜனங்கள் அங்கே படியேறுவார்கள். "எல்லாருக்குமா?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டார் சின்னசாமி. "எல்லாருக்குந்தான். நா இன்னா ஓரவஞ்சன பண்ற ஆளா? எய்தியே தரேன்" என்று அங்கேயே உட்கார்ந்து எழுதிவிட்டார். மேற்படி பந்தயத்தில் கெலித்து வரும் பட்சத்தில், மேற்படி குழுவின் பையன்கள் அனைவரையும் மேற்படி கிளப்பில் உள்ளே உட்கார வைத்து, இலை போட்டு, வடை பாயசத்துடன் போஜனம் செய்விப்பேனாகவும், இதில் யாதொரு வில்லங்கமும் கிடையாது. கொட்டகைக் கதவில் ஒட்டியும்விட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பத்திரத்தில் 'நீங்கலாக' என்று எழுத மறக்கிற ஆள் அல்ல அவர். தோப்பை விற்றால் கிணறு நீங்கலாக, கிணற்றை விற்றால் ஏற்றம் நீங்கலாக, வீட்டை விற்றால் கொல்லை முருங்கை நீங்கலாக என்று எழுதியே பேர் வாங்கினவர். இந்த ஒரு காகிதத்தில் கோட்டைவிட்டார். வேம்புலியை அவர் கம்பிமேல்தான் பார்த்திருக்கிறார். அவனுக்கும் வயிறு உண்டு, அந்த வயிற்றைச் சுமந்துகொண்டு அவன் ஓர் இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவான் என்பதெல்லாம் அவர் நினைப்பில் இல்லை. யார் யார் உள்ளே வரக் கூடாது என்று கிளப்பு வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. அதைத் தாண்டி அவர் நூறு தடவை உள்ளே போயிருக்கிறார். தன்னைச் சொல்லாத பலகையை மனுஷர் எதற்குப் படிப்பார்?

பந்தயத்தில் ஆனந்தன் கை நழுவி மணலில் உட்கார்ந்தான். மற்ற இருவரும் பரவாயில்லை. வேம்புலி கடைசியாக ஏறி, ஒன்பது முழுச் சுற்றுச் சுற்றி, கம்பியை விட்டு, அந்தரத்தில் ஒரு கரணம் போட்டு, அடித்த முளை மாதிரி மணலில் நின்றான். பரிசு கொடுக்க வந்த வெள்ளைக்காரத் துரை எழுந்து நின்று கைதட்டினார். வெள்ளிக் கப்பு பூவிருந்தவல்லிக்கு வந்தது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று முடிவாயிற்று. சின்னசாமி, "எனக்கு வவுறு சரியில்ல" என்று ஒதுங்கிக்கொண்டார். வேம்புலியின் தாய் சொர்ணம் சேரி முழுக்கச் சொல்லிவிட்டாள், "எம்புள்ள கிளப்புல குந்திகினு துன்னப்போறான்" என்று. பக்கத்துக் குடிசையில் ஒரு சட்டையை இரவல் வாங்கி, உவர்மண் போட்டு வெளுத்து மாட்டிவிட்டாள். என்னென்ன போட்டார்கள், எந்த மூலையில் எதை வைத்தார்கள் என்று வந்து ஒன்று விடாமல் சொல்ல வேண்டும் என்பது அவள் கட்டளை. பையன் முந்தின நாள் கஞ்சியைக்கூடத் தொடவில்லை. வயிற்றில் இடம் வேண்டுமாம். கப்பெல்லாம் அவனுக்கு இரண்டாம்பட்சம்; அந்த இலைக்கு முன்னால் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

கிளப்பு வாசலில் முதலாளி கப்பைக் கும்பிட்டார், பிரசிடென்டைக் கும்பிட்டார், பையன்களை விரல்விட்டு எண்ணினார். நாலாவதில் விரல் நின்றுவிட்டது. ஜம்புலிங்கத்தை ஓரமாக அழைத்துப்போய், "அண்ணாத்தே, ராமன் புள்ளதானே அது? நாலு பேரு வந்து போற எடம். நீங்களே சொல்லுங்க" என்றார் தணிந்த குரலில். ஜம்புலிங்கத்தின் காதுமடல் சிவந்துபோயிற்று. பொய் சொல்வானேன், ஒரு கணம் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது உண்மை. சாப்பாட்டைக் கூடையில் கட்டிக் கொட்டகைக்கு அனுப்பச் சொல்லி, எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் உள்ளேயிருந்து நெய் காய்கிற வாசனை வந்துகொண்டிருந்தது.

"டேய் வேம்புலி" என்று திரும்பி வந்தார். "பொறுப்பான ஆளு நீதான்டா. கப்ப வெச்சிகினு அந்தப் பக்கமா நில்லு. கூட்டத்துல எவனாவது அடிச்சிகினு பூடுவான். காவலுக்கு நம்பிக்கையான ஆளு வோணும் பாரு." வேம்புலி கப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பக்கத்துச் சந்தில் சமையலறை ஜன்னலுக்குக் கீழே போய் நின்றான். பெருமையாகத்தான் நின்றான். முதலில் காவல், அப்புறம் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டான்.

அந்த நினைப்பும் கொஞ்ச நேரம்தான். கல்லாவில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் கப்பு இருந்தால் கடைக்கு அழகு என்று முதலாளிக்குத் தோன்றிவிட்டது. பரிமாறுகிற ஆள் சந்துக்குப் போய்க் கப்பை வாங்கி வந்தான். சந்தனம் வைத்தார்கள், மல்லிகைச் சரம் சுற்றினார்கள். அதுவரை யார் மார்போடு இருந்த கப்பு அது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. வெள்ளிக்குத் தீட்டு கிடையாது போலிருக்கிறது.

ஜன்னல் வழியாகக் குரல் வந்தது. "ஆண்டே, கப்பு உள்ள பூட்ச்சி. நா இப்ப எத்தப் பாத்துகினு நிக்கறது?" கொட்டகையில் மற்ற பையன்களைப் போல அவனும் அவரைப் பிரசிடென்டு என்றுதான் கூப்பிடுவான். ஆண்டே என்பது அவன் அப்பன் வயலில் நின்றுகொண்டு கூப்பிடுகிற விதம்.

உள்ளே இலை போட்டாகிவிட்டது. முன்கூட்டியே ஐந்து பேர் என்று சொல்லியிருந்ததால் ஐந்து இலை போட்டு, ஐந்திலும் பரிமாறிக்கொண்டு வந்தார்கள். "நைனா, அவந்தானே கப்பு கெலிச்சது" என்றான் ஆனந்தன் மெதுவாக. ஜம்புலிங்கம் மகன் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிப் பிரசங்கக் குரலை எடுத்தார். "கேளுடா வேம்புலி. பார் வித்த செய்றவன் நெய்யி, வட, பாயசம் எதியும் தொடக் கூடாது. அத்தினியும் ஒடம்புக்கு வெஷம். இவனுங்க சும்மா பசங்க, துன்னுட்டுப் போறானுங்க. நீ பெரிய ஆளா வரப்போறவன். வாயக் கட்டணும். வெறும் வவுத்துல இருந்தாத்தான் கம்பி ஒன்ன ஏத்துக்கும்."

பரிமாறுகிற ஆள் ஒரு பொட்டலத்தை ஜன்னல் வழியே நீட்டினான். அந்தச் சந்துக்கு வருகிறவர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பதுதான். வேம்புலி வாங்கவில்லை. "எங்கம்மா கேட்டா இன்னான்னு சொல்றது?" என்று கேட்டான். பிறகு இரவல் சட்டையைக் கழற்றி, கசங்காமல் மடித்து, கையில் எடுத்துக்கொண்டு சந்தைத் தாண்டிப் போனான்.

மற்ற இரண்டு பையன்களும் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள், பசி. ஆனந்தன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ஆள் உட்காராத இலையைக் காட்டி, "இத்த எடுத்துடவா?" என்று கேட்டான் பரிமாறுகிறவன்.

ஜம்புலிங்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கண்கூட லேசாகக் கலங்கியிருந்தது; அவர் பேச்சு அவருக்கே அவ்வளவு உருக்கமாகப் பட்டிருந்தது. "பாத்தீங்களாடா வேம்புலிய? பொட்டலத்தக்கூட வேணான்ட்டுப் போறான். சோத்துக்குப் பின்னால அலையாத புள்ள. அவன மாரி ஆவணும்டா நீங்கள்ளாம்" என்று பையன்களிடம் சொல்லிக்கொண்டே, இடது கையால் அந்த ஐந்தாவது இலையின் ஓரத்தைப் பிடித்து, பாயசம் ஒழுகிவிடாமல், மெள்ள மெள்ளத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.