வட்டம் தொட்ட ஜன்னல்

வீடு எப்படி வேண்டும் என்று கேட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண் யோசிக்கவே இல்லை.

“அடுப்பாண்ட நின்னா ரோடு தெரியணுங்க்கா. அது போதும். மத்தது எங்க மச்சான் சொல்லுவாரு.”

மச்சான் என்று அவள் சொன்னது கணவரை. அவர் வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக். இவளுக்குப் பிறந்த ஊர் கோட்டக்குப்பம், வாழ்க்கைப்பட்டது திண்டிவனம். மகளோடு ஒரு சந்துக்குள் வாடகை வீட்டில் இருந்தாள். ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கியிருந்தார்கள்.

நான் வேலை பார்ப்பது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில். இன்ஜினியர் கையெழுத்துப் போடுவார், நான் கம்ப்யூட்டரில் பிளான் போடுவேன். யாரும் எனக்கு வகுப்பெடுக்கவில்லை. கீழே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவள், மாடியில் ஆள் இல்லாத நேரத்தில் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன். தினமும் வானூரிலிருந்து பஸ்ஸில் வருகிறேன். இந்த வேலையை நான் விடாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் வருகிறவர்கள் பேசுகிற பேச்சு. “பூஜை ரூம் சின்னதா போதும்மா, எங்க சாமி அடக்கமானவரு” என்றார் ஒருவர். இன்னொரு அம்மா, “மருமவ ரூமு என் ரூமாண்ட வேணாம், ஆனா அவ பேசுறது கேக்கணும்” என்றார். அதற்கு எந்த அளவில் சுவர் வைப்பது? நானும் இன்ஜினியரும் அன்று முழுக்க அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பெண்ணின் பிளான் போன் வழியாக வளைகுடாவுக்கும் திண்டிவனத்துக்கும் போய்ப் போய் வந்தது. நான் படமாக அனுப்புவேன். அவர் குரல் பதிவு அனுப்புவார். “மேடம், ஹாலு சின்னதா தெரியுது. என் போன்ல பாக்கறதால அப்டி தெரியுதா, இல்ல நெசமாவே சின்னதா? கொஞ்சம் பாத்து சொல்லுங்க.” எதையாவது மாற்ற வேண்டுமென்றால் படத்தின்மேல் விரலால் சிவப்பு வட்டம் போட்டு அனுப்புவார். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் எங்களிடம் இப்படித்தான் வீடு கட்டுகிறார்கள். விரல் தடியாக இருக்கும், போன் சின்னதாக இருக்கும். கழிப்பறைக்குப் போட்ட வட்டம் படிக்கட்டையும் சேர்த்து வளைத்துக்கொண்டு வரும்.

பிளானை ஒப்புதலுக்குக் கொடுக்க வேண்டிய அன்று காலையில் ஒரு சிவப்பு வட்டம் வந்தது. கூடவே அவர் குரல்: “ரோட்டுப் பக்கம் வட்டம் போட்டிருக்கேன் பாருங்க மேடம். அத எடுத்துட்டு சொவுரு வெச்சிடுங்க. நான் டூட்டில இருப்பேன், போனு கைல இருக்காது.”

ரோட்டுப் பக்கச் சுவரில் ஹாலுக்கு இரண்டு ஜன்னல், ஸ்டோர் ரூமுக்கு ஒன்று, அடுத்தது சமையலறை ஜன்னல். வட்டத்துக்குள் ஸ்டோர் ரூம் ஜன்னல் முழுசாக இருந்தது. வட்டத்தின் கோடு சமையலறை ஜன்னலின் நடுவே ஏறி இறங்கியிருந்தது. அவர் எடுக்கச் சொன்னது ஒன்றையா, இரண்டையுமா?

அவளுக்குப் போன் பண்ணினேன். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேரே வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கம்ப்யூட்டரில் ஒரு விஷயம் உண்டு. மவுஸை இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் இழுத்தால் நீலப் பெட்டி வரும். பெட்டிக்குள் முழுசாக அடங்கியது மட்டும்தான் தேர்வாகும். வலதிலிருந்து இடதுக்கு இழுத்தால் பச்சைப் பெட்டி. அதன் ஓரம் லேசாகப் பட்டதும்கூட மாட்டிக்கொள்ளும். வட்டம் இருந்த இடத்தில் இரண்டு விதமாகவும் இழுத்துக் காட்டினேன். நீலத்தில் ஸ்டோர் ரூம் ஜன்னல் மட்டும் ஒளிர்ந்தது. பச்சையில் இரண்டும் ஒளிர்ந்தன.

அவள் இரண்டையும் பார்த்தாள். “அப்ப எங்க மச்சான் எந்தப் பக்கத்துல இருந்து இழுத்தாரு?”

போனில் படத்தைப் பெரிதுபடுத்தி வட்டத்தின் ஆரம்பம் எது, முடிவு எது என்று இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம்.

“அவரு எடது கைக்காரருங்க்கா” என்றாள்.

இன்ஜினியர் அந்தப் பக்கத்து மேசையிலிருந்து சிரித்துவிட்டார். “ஏம்மா, பிளான் போட்றீங்களா, ஜோசியம் பாக்கறீங்களா? ஜல்தி முடிங்க, மூணு மணிக்கு நான் கெளம்பணும்.”

அவள் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த மவுஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீலத்துலயே இழுங்கக்கா. உள்ள இருக்கிறது போவட்டும், ஓரத்துல பட்டது இருக்கட்டும். அவரு வட்டம்தானே போட்டாரு, நாம ஒண்ணும் தப்பா படிக்கலியே.”

அழித்தே இருப்பேன். அவள் சமைக்கிற வாடகை வீட்டை நான் பார்த்திருக்கிறேன். பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்க வேண்டும். பள்ளி வேன் வந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளக்கூட அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓட வேண்டும். பெட்டியை இழுத்து, அழிக்கிற பட்டனில் விரல் வைத்தேன்.

“வேணாங்க்கா.” அவளே என் கையைப் பிடித்தாள். “அவரு வந்து பாத்துட்டு, நான் இல்லாத நேரத்துல ஏமாத்திட்டியேன்னு ஒரு வார்த்த சொன்னாருன்னா, அந்த ஜன்னலாண்ட என்னால நிக்க முடியாது. கேட்டுடலாம்.”

அவர் சாப்பாட்டு இடைவேளைக்குப் போனை எடுக்கும்வரை காத்திருந்தோம். கிடைத்ததும் ஸ்பீக்கரில் போட்டாள்.

“மச்சான், வட்டம் போட்டீங்களே, ஒரு ஜன்னலா ரெண்டா?”

“ரெண்டும்தான். யோசிச்சுப் பாத்தா ரோட்டுப் பக்கம் ஜன்னலே வேணாம். ஹாலு ஜன்னலையும் எடுத்துட்டு எல்லாத்துக்கும் ஒசரத்துல வென்டிலேட்டர் வெச்சிடச் சொல்லு.”

அவள் முகம் எப்படி ஆயிற்று என்று நான் எழுதப் போவதில்லை. நான் திரும்பிக்கொண்டேன்.

“ஏன்?” என்று கேட்டாள்.

“ஏன்னா? நீ புள்ளைய வெச்சிக்கினு தனியா இருப்ப. போறவன் வர்றவன்லாம் உள்ள எட்டிப் பாத்துக்கினு போவான். நான் இங்க எப்டி தூங்கறது?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பயந்து சொன்னார். எனக்கே அந்த மனிதர்மேல் பாவமாக இருந்தது. அவளுக்கும் அது கேட்டிருக்கும், குரலைத் தணித்துக்கொண்டாள்.

“மச்சான், நீங்க இல்லாத வூட்ல இத்தினி வருசமா சொவுத்த பாத்துக்கினு சமைக்கிறேன். சொந்த வூட்லயும் சொவுத்ததான் பாக்கணுமா? வெளிய யாரு நிக்கிறான்னு தெரிஞ்சா பயமா, தெரியாட்டி பயமா? நீங்களே சொல்லுங்க.”

அந்தப் பக்கம் யாரோ இந்தியில் கூப்பிடுவதும் தட்டுகள் உரசுவதும் கேட்டன. இன்ஜினியர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“மேடம் இருக்காங்களா?” என்று போனில் கேட்டார் அவள் கணவர், கடைசியில்.

“இருக்கேன் சார்.”

“மத்ததெல்லாம் மேல ஏத்திடுங்க மேடம். அது ஒண்ணு…”

“அது ஒண்ணு?” என்றாள் அவள்.

“அது ஒண்ணு இருக்கட்டும். கம்பி மட்டும் கெட்டியா போடச் சொல்லுங்க. பேஜாரு புடிச்ச பொண்ணு இது.”

போனை வைத்ததும் மூக்கை உறிஞ்சிவிட்டு, “ம், ஆவட்டும்க்கா” என்றாள், ஏதோ நான்தான் தாமதப்படுத்தியது போல.

ஒரு ஜன்னலைத் தொட்டு, இதைப் போன்ற எல்லாவற்றையும் தேர்வு செய் என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னேன். வீடு முழுக்க ஜன்னல்கள் ஒளிர்ந்தன. படுக்கையறை, பின்கட்டு எல்லாம். ஷிப்ட் பட்டனை அழுத்திக்கொண்டு மற்ற பக்கங்களில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக விடுவித்தேன். கடைசியில் ரோட்டுப் பக்கச் சுவர் மட்டும் மிஞ்சியது, சமையலறையோடு சேர்த்து.

“அத நான் பண்றேங்க்கா.”

மவுஸைக் கொடுத்தேன். ஒரு கையால் ஷிப்டை அழுத்தி, மறு கையால் ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி அம்பைக் கொண்டுபோய்ச் சமையலறை ஜன்னலின்மேல் வைத்துத் தட்டினாள். அதன் வெளிச்சம் அணைந்தது.

“ஐயோ, அணைஞ்சிடுச்சேக்கா!”

“அணைஞ்சதுதான் இருக்கும்மா. எரியறதெல்லாம்தான் மாறப் போவுது.”

மற்ற மூன்றும் வென்டிலேட்டராக மாறின. அணைந்தது அதே இடத்தில் நின்றது. அவள் திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

அவர்கள் குடிபோனபோது என்னால் போக முடியவில்லை. பிறகு அவர் லீவில் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ரோட்டிலிருந்தே சமையலறை ஜன்னல் தெரிந்தது. கெட்டியான கம்பி. உள்ளே நின்றிருந்தது அவள் இல்லை, அவர். இடது கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு, வண்டியில் வந்த மீன்காரரிடம் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

“வாங்க மேடம், வாங்க! நல்லா காத்து வருது பாருங்க” என்றார், ஜன்னலை அவரே கேட்டு வாங்கினது போல.

உள்ளே போனேன். அவள் கரண்டியோடு அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். “அந்தாண்ட நவுருங்க மச்சான், தாளிக்கணும். வந்ததுல இருந்து இவருக்கு இதே எடந்தாங்க்கா. இவரு திரும்பிப் போனாத்தான் எனக்கு ஜன்னலு கெடைக்கும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கரண்டி அப்படியே நின்றது. அவரும் மீன்காரரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

பிறகு ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு அவர் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டார். அவள் போய் அங்கே நின்று அடுப்பைப் பற்ற வைத்தாள்.